தூர்க்கச் சொன்ன கிணறு

ஒரு நீளமான துணியை யாரோ கிழித்துக்கொண்டே இருக்கிற சத்தம். ஜவுளிக்கடையில் காடாத் துணியை நுனியில் கத்தரித்துவிட்டு இரண்டு கையாலும் இழுப்பார்கள் இல்லையா, அந்தச் சத்தம். ஆனால் துணி என்றால் ஓர் இடத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. காலையில் ஜீப்பை விட்டு இறங்கியபோது கேட்டது, சாயங்காலம் ஏறியபோதும் கேட்டது. பத்து வருடம் ஆகிறது. கீழக்குருந்தூர் என்ற ஊரில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ஓர் உயரமான குழாயின் வாயில் வாயுவை எரியவிட்டிருந்தார்கள். நெருப்புக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் மன்னார்குடிப் பக்கம் என்று சொன்னீர்களா, உடனே அது காதில் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்தை விட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள். படிக்க முடியாது, போனைப் பார்க்க முடியாது. பேசத்தான் முடியும். உங்களையும் கூப்பிட முக்கால் மணி நேரம் ஆகும் என்றுதானே அந்த நர்ஸ் சொன்னாள்? உங்கள் முகம் எனக்கு வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு சுலபமாகப் பேசுகிறேனோ என்னவோ.

நான் கோட்டையில் வேலை பார்த்தவள். தலைமைச் செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் இருப்பதை ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழுக்கும் மாற்றுவேன். முப்பத்தோரு வருடம். படித்தது ஆங்கில இலக்கியம். கவிதையும் எழுதுவேன். எனக்குக் காது நல்ல காது. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் இடறினால் எனக்குப் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் என்னை ஒப்பந்தத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள் என்றால் அந்தக் காதுக்காகத்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

அந்த வருடம் வெளிநாட்டில் ஒரு காலநிலை மாநாடு. பூமி சூடாகிறது, ஒவ்வொரு நாடும் என்ன செய்யப்போகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம் நாடு கொடுக்கிற வாக்குறுதியில் ஒரு பத்தி சேர்க்கலாமா என்று தில்லியில் யோசித்தார்கள். எண்ணெய் வற்றிப்போன கிணறுகளை நிரந்தரமாக அடைத்துவிடுவோம், விளைநிலத்தில் புதிதாகத் தோண்ட மாட்டோம் என்று. எண்ணெய் எடுக்கிற மாநிலங்களை எல்லாம் கேட்டார்கள், உங்கள் கருத்து என்ன, அங்கே இருக்கிற மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று.

நம் அரசாங்கத்துக்கு அது தர்மசங்கடம். எங்கள் துணைச் செயலாளர் அறவாழி இதை என்னிடம் மறைக்கவே இல்லை. கம்பெனியை ஆதரித்து எழுதினால் டெல்டாவில் ஓட்டு போய்விடும். எதிர்த்து எழுதினால் அமைச்சர் வீட்டில் சண்டை வரும். அமைச்சரின் மைத்துனருடைய லாரிகள்தான் கம்பெனிக்கு ஓடுகின்றன என்று காண்டீனில் டீ ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எதற்கெடுத்தாலும் மாநில உரிமை என்று தில்லியோடு மல்லுக்கு நிற்பவர்கள் இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அறவாழி ஒரு வழி கண்டுபிடித்தார். "மக்கள் விருப்பமே அரசின் விருப்பம், இணைப்பைப் பார்க்கன்னு ஒரே வரி எழுதி விட்டுடுவோம் மேடம். இணைப்புல கிராம சபைத் தீர்மானம். நம்ம தலையில எதுவும் விழாது."

அதனால் கடிதம் ஒரு வரி. மற்றதெல்லாம் இணைப்பு. இணைப்பை ஆங்கிலமாக்க வேண்டியவள் நான்.

இருபத்துமூன்று ஊர்த் தீர்மானங்கள். ஆனால் எல்லாம் ஒரே வாசகம். கீழக்குருந்தூர் ஊராட்சித் தலைவி எழுதியதைத்தான் மற்ற ஊர்களும் அப்படியே எழுதிக் கையெழுத்தும் ரேகையும் வைத்திருந்தார்கள். "வற்றிப்போன எண்ணெய்க் கிணறுகளைத் தூர்த்துவிட வேண்டும், புதியன தோண்டக் கூடாது." அவ்வளவுதான்.

நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்குத் தூர்ப்பது என்றால் மண் போட்டு நிரப்புவது என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பிரிவு அலுவலர் பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் முதலில் போட்ட வரைவைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். தூர்ப்பதையும் தூர் வாருவதையும் ஒன்று என்று நினைத்து, கிணறுகளைச் சேறு வாரிச் சுத்தம் செய்து கொடுக்கும்படி மக்கள் வேண்டுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நேர் எதிர்ப்பதம். நான் மட்டும் பார்க்கவில்லை என்றால் அது அப்படியே தில்லிக்குப் போயிருக்கும். இதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

தில்லியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, கூடப் போய் மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். அப்போதுதான் அந்த நெருப்பின் சத்தத்தைக் கேட்டேன். அப்போதுதான் செங்கமலத்தைப் பார்த்தேன்.

அவள்தான் தலைவி. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று வயது இருக்கும். புருஷன் தவறி நாலு வருடம். ஓர் ஏக்கர் சொச்சம் நிலம், அதை ஒட்டி வீடு. நெருப்பு எரிந்தது கிழக்கே வேறொரு கிணற்றில். இவள் கொல்லையை ஒட்டியிருந்தது வற்றிப்போன கிணறு. மேலே ஓர் இரும்பு மூடி, சுற்றிலும் கம்பிவேலி. மழை பெய்தால் அந்த மூடியின் இடுக்கு வழியாகக் கறுப்பாகக் கசிந்து அவள் வயலுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து அவளுடைய இரண்டு மாடுகள் செத்திருந்தன. கைப்பம்பை அடித்து ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து அதிகாரி முன்னால் நீட்டினாள். தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம், மயில் கழுத்து நிறத்தில். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது. திரும்பும் வழியில் ஜீப்பிலேயே அதைப்பற்றி எட்டு வரி எழுதினேன். பின்னால் தொகுப்பில் வந்தது.

கிளம்பும்போது செங்கமலம் என் முழங்கையைப் பிடித்து வேலிப் பக்கம் அழைத்துப்போனாள். நான்தான் ஆங்கிலத்தில் எழுதப்போகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, மூடுறதுன்னு எழுதிப்புடாதீங்க. மூடி இப்பவே இருக்கு, பாத்தீங்கள்ல. எங்க பக்கம் ஒரு கெணத்துல ஆளு விழுந்து செத்துட்டா மூட மாட்டோம், தூத்துடுவோம். மூடி வச்சா பின்னால எவனாச்சும் தெறப்பான். தூத்துட்டா அது தரை. அந்தச் சொல்லை மட்டும் விட்டுடாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துவிட்டது. தூத்துட்டா அது தரை. எவ்வளவு நல்ல வாக்கியம்.

ஊர் திரும்பிய வாரம் கோதண்டபாணி என்னைப் பார்க்க வந்தார். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. அப்படிப்பட்டவர்களை நீங்கள் எப்படிக் கற்பனை செய்வீர்கள் என்று தெரியும். இவர் அப்படி இல்லை. கதர்ச் சட்டை, மெல்லிய குரல், கையில் ஒரு பழைய பத்திரிகை. முப்பது வருடத்துக்கு முன்னால் நின்றுபோன சிறுபத்திரிகை. அதில் என் கவிதை ஒன்று இருந்தது. எனக்கே மறந்துபோன கவிதை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பார்க்காமல் சொன்னார்:

இறைத்தது போதும், வாளியைக் கவிழ்த்து வை.
ஊற்றுக்கும் வேண்டும் ஓர் ஓய்வு.

அந்த அலுவலகத்தில் முப்பத்தோரு வருடத்தில் என் வரி ஒன்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டுப் பத்திரிகையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "இறைக்கிறதுதான் மேடம் எங்க தொழிலே. ஆனா இதைப் படிச்சப்ப மனசுக்கு என்னமோ பண்ணிச்சு" என்றார். கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை நான் யார் முன்னாலும் சத்தியம் செய்வேன். தீர்மானத்தைப் பற்றியோ, அந்தச் சொல்லை இப்படி எழுதுங்கள் என்றோ அவர் சொல்லவே இல்லை. என் கவிதையைப் பற்றி மட்டும்தான் பேசினார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். தூர்த்தலுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லையா என்றால் இருக்கிறது. மண்ணைக் கொட்டி நிரப்புவது என்று கொத்தனார் பேசுகிற மாதிரி இரண்டு சொல். ஒரு தேசம் உலகத்தின் முன்னால் வைக்கப்போகிற தாளில் போய் உட்காரக்கூடிய சொற்களா அவை? வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இடறியது. பதினோரு மணி வரைக்கும் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதுவாகவே வந்தது. ஓய்வு என்று பொருள்படுகிற அந்தச் சின்ன ஆங்கிலச் சொல். செத்தவர்களைக் குழியில் இறக்கும்போதும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள், தெரியுமா? அதற்குள் மண் இருக்கிறது, மரணம் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. "கிணறுகளுக்கு ஓய்வு அளிக்குமாறு மக்கள் வேண்டுகிறார்கள்." எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தேன். ஒரு நல்ல வரி எழுதினால் வருகிற அமைதி இருக்கிறதே, அது எனக்கு அன்றைக்கு வந்தது.

அறவாழி படித்தார். மறுபடியும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அற்புதம் மேடம்" என்றார். அவர் அப்படியெல்லாம் பாராட்டுகிற மனிதர் இல்லை.

எண்ணெய்த் தொழிலில் கிணற்றுக்கு ஓய்வு கொடுப்பது என்றால் வேறு அர்த்தமாம். எனக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் வரத்துக் குறைந்துவிட்டால் கொஞ்ச காலம் மூடிப் போட்டுவிடுவார்களாம். உள்ளே அழுத்தம் ஏறியதும் மறுபடி திறந்து எடுப்பார்களாம். அதற்குப் பெயர் ஓய்வு. தில்லியில் அந்தக் கோப்பைப் பார்த்த நிபுணர்கள் எல்லாரும் அந்தத் தொழில் தெரிந்தவர்கள். இருபத்துமூன்று ஊர் மக்களும் கிணற்றைக் கொஞ்ச நாள் மூடி வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மக்கள் விருப்பமே அரசின் விருப்பம் என்று மாநிலமும் எழுதியிருக்கிறது, பிறகு எதற்கு இந்தப் பத்தி என்று எடுத்துவிட்டார்கள். இரண்டாவது வாக்கியம், புதியன தோண்டக் கூடாது என்பது, அது அப்படியே இருந்தது. நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஓய்வு முடிந்து பழைய கிணற்றையே திறந்தால் அது புதிது இல்லையே என்று விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டு வாக்குறுதி மாநாட்டில் வாசிக்கப்பட்டபோது அதில் கிணறு என்ற பேச்சே இல்லை. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேட்டதற்கு அமைச்சர் எழுந்து, "டெல்டா மக்கள் கெணத்துக்கு ஓய்வு கேட்டிருக்காங்க. ஓய்வு யாருக்குத்தான் வேண்டாம், எனக்கே வேணும்" என்றாராம். சபையில் சிரிப்பு என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. கேட்டவர் கட்சியும் முன்னால் ஆட்சியில் இருந்தபோது அதே கம்பெனிக்குத்தான் நிலம் எடுத்துக் கொடுத்தது. அவரும் சிரித்திருப்பார்.

அடுத்த தையில் என் கவிதைத் தொகுப்பு வந்தது. கம்பெனியின் பண்பாட்டு அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, அவர்கள் போட்டார்கள். அட்டை மயில் கழுத்து நிறம். தொகுப்பையும் மொழிபெயர்ப்பையும் முடிச்சுப் போட்டு, சொல்லை விற்றவர் என்று ஒரு பத்திரிகையில் என்னைப்பற்றி எழுதினார்கள். நீங்களே சொல்லுங்கள். நான் எதை விற்றேன்? இருபத்தைந்து வருடமாக வெளியிட ஆள் இல்லாமல் இருந்த கவிதைகள். நல்ல கவிதைகள் என்பதால் போட்டார்கள். அந்தப் பழி இன்னமும் எனக்கு ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் செங்கமலம் என் வீட்டுக்கு வந்தாள். திருவான்மியூரில் முதல் மாடி. எப்படி விலாசம் கண்டுபிடித்தாளோ. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை, அதிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். நான் எழுதிய பக்கத்தின் நகல்.

நடந்தது இதுதான். கம்பெனிக்காரர்கள் இயந்திரங்களோடு அவள் கொல்லைக்கு வந்திருக்கிறார்கள். அவள் வேலி முன்னால் நின்று மறித்திருக்கிறாள். அவர்கள் இந்த நகலைக் காட்டி, உங்கள் ஊரே கேட்டதுதானே, ஓய்வு முடிந்துவிட்டது என்றிருக்கிறார்கள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மன்னார்குடியில் ஒரு வக்கீலிடம் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பத்து நாளைக்குத் தடை வாங்கியிருந்தாள். மொழிபெயர்ப்புத் தவறு என்று மொழிபெயர்த்தவரே எழுதிக் கொடுத்தால் கேஸ் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். மறுநாள் காலை விசாரணை.

காபி கலந்து கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நீங்க படிச்சவங்க. நான் உங்ககிட்ட ஒரு சொல்லுதான் குடுத்தேன். அதை ஏம்மா மாத்துனீங்க?"

நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல் அப்படியே போகாது, அதன் உயிர்தான் போகும் என்று சொன்னேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் மரணமும் இருக்கிறது என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "தப்புன்னு ஒரு வரி எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றாள்.

அன்றைக்குக் காலையில்தான் கோதண்டபாணி போன் செய்திருந்தார். அது வேறு விஷயம். இரண்டாவது தொகுப்பு கொண்டுவருவது பற்றி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா நேரக் கணக்குக்காகச் சொல்கிறேன்.

வெள்ளைத் தாள் எடுத்து உட்கார்ந்தேன். தவறு என்று எழுதப் பேனா ஓடவில்லை. பொய் சொல்லக் கூடாது இல்லையா? அது தவறு இல்லையே. முப்பத்தோரு வருடத்தில் என் மொழிபெயர்ப்பைத் தவறு என்று ஒருவரும் சொன்னதில்லை, நானே எப்படிச் சொல்வது? ஆனால் அவளைச் சும்மா அனுப்பவும் மனம் வரவில்லை. யோசித்து, இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக ஒரு வாக்கியம் எழுதினேன். "தூர்த்தல் என்னும் சொல்லை வேறு விதமாகவும் பெயர்க்க இடமுண்டு." கீழே கையெழுத்து, தேதி.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ் நன்றாகப் படிப்பாள்.

"இடமுண்டுன்னா என்னம்மா?"

"அப்படியும் சொல்லலாம் என்று அர்த்தம்."

"தப்புன்னு இதுல இல்லையே."

"அது தப்பு இல்லை செங்கமலம். அது மொழிபெயர்ப்பு."

அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்து நின்றாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான் கெணத்துக்குப் பேரு வைக்கச் சொல்லலம்மா. மண்ணத் தள்ளச் சொன்னேன்."

படியிறங்கிப் போய்விட்டாள். காபியில் ஆடை படிந்திருந்தது.

மறுநாள் கம்பெனியின் வக்கீல் என் வாக்கியத்தைத்தான் முதலில் வாசித்தாராம். வேறு விதமாகவும் பெயர்க்கலாம் என்றால் இந்த விதமும் சரி என்றுதானே பொருள், மொழிபெயர்த்தவரே தவறு என்று சொல்லவில்லையே என்று கேட்டாராம். அந்த "உம்" இருக்கிறது பாருங்கள், "விதமாகவும்" என்பதில். அந்த இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார். நல்ல படிப்பாளியாக இருந்திருக்க வேண்டும். மனு தள்ளுபடி.

ஒரு நிமிஷம், என்னைக் கூப்பிடுகிறார்களா? இல்லை, வேறு யாரோ.

நானும் யோசிக்காமல் இல்லை. இரண்டாவது தொகுப்புக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை யாரும் எழுதவில்லை. சில நாள் விடியற்காலையில் எழுந்து அந்த இடத்தில் வேறு சொல் என்ன போட்டிருக்கலாம் என்று பார்ப்பேன். ஏழெட்டுச் சொல் கிடைத்திருக்கிறது. ஒன்றும் அதைப்போல ஒலிக்கவில்லை.

போன மாதம் கீழக்குருந்தூர் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தேன். எழுத்தர்தான் எடுத்தார். அவளோடு பேச வேண்டும் என்று கூப்பிடவில்லை, எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான். கிணற்றைத் திறந்த மறு மழைக்காலத்தில் அடியில் குழாய் உடைந்து, வயல் முழுக்கக் கறுப்பாகிவிட்டதாம். இரண்டு போகம் விதைத்துப் பார்த்தாளாம், முளைக்கவில்லை. அடுத்த தேர்தலில் இருபத்தாறு ஓட்டில் தோற்றுவிட்டாள். நிலத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. செங்கமலம் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள்.